ஜி.டி. நாயுடுவுக்கு எது அஞ்சலி?

கேள்வி (உடுமலைப்பேட்டை வாசகி): கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மறைந்து ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்ட ஒரு தொழில் மேதைக்கு இது போதுமான அஞ்சலிதானா?

பதில்: பெயர் சூட்டியதில் எனக்கு முழு நிறைவு. போதுமா என்றால், போதாது என்பேன்.

1893 மார்ச் 23 அன்று கலங்கல் கிராமத்தில் பிறந்த நாயுடு, பள்ளிக்கூடத்தைத் தொடக்க வகுப்புகளோடு விட்டவர். ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, கோவைக்கு வந்து உணவு விடுதியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கிய பிறகு பாகம் பாகமாகக் கழற்றி, மறுபடி தாமே பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தில் தொழிலைத் தொடங்கியபோது அதை ஓட்டியவரும் அவரே.

ஆனால் கொங்கு நாட்டு உழவர் அவரை நினைக்க வேண்டியது மின் மோட்டாருக்காக. 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் கோவைக்கு வந்தபோதும், மோட்டாருக்கு வெளிநாட்டைத்தான் நம்பியிருந்தோம். 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உருவாக்கியது, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் என்று போற்றப்படுகிறது. (நாயுடுவைப் புகழும் மேடைகளில் பாலசுந்தரத்தின் பெயரை விட்டுவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது, அஞ்சலி என்பது உடன் உழைத்தவரை மறைப்பதாக இருக்கக் கூடாது.) என் பாட்டனார் தோட்டத்துக் கிணறு பாறையை உடைத்துத் தோண்டியது. விடியுமுன்பே எருதுகளைப் பூட்டிக் கவலை ஏற்றம் ஓட்டி, சால் சாலாக நீர் இறைத்தும், வெயில் ஏறுவதற்குள் நாலைந்து பாத்திகள் நனைந்தால் அதுவே பெரிது. பம்ப்செட் வந்து, சுவிட்சைப் போட்டதும் வாய்க்காலில் தண்ணீர் ஓடிய முதல் நாளன்று, அவர் தண்ணீரைப் பார்க்காமல் எருதுகளின் கழுத்துக் காய்ப்பைத் தடவிக்கொண்டே நின்றாராம். என் தந்தையார் இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தழுதழுக்கும்.

1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்த நாயுடு, ஏட்டுப் படிப்பின் ஆண்டுகளைக் குறைத்து, மாணவன் இயந்திரத்தின் முன் நிற்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று விடாமல் வாதிட்டார். அவருக்கான அஞ்சலியை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். கோவையில் அவர் பெயரிலுள்ள அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவற்றைப் பிள்ளைகள் பார்ப்பது நல்லதே. கை வைத்துப் பார்ப்பதற்கும் ஓர் இடம் வேண்டுமல்லவா? அவர் 1974 சனவரி 4 அன்று மறைந்தார். ஆண்டுதோறும் அந்நாளில் கோவையின் பீளமேட்டிலும் கணபதியிலும் உள்ள பட்டறைகள் அரை நாள் பள்ளிப் பிள்ளைகளை உள்ளே அழைத்து, காயில் (கம்பிச்சுருள்) கருகிய பழைய மோட்டார் ஒன்றையும் ஸ்பேனரையும் அவர்கள் கையில் கொடுக்கலாம். உங்கள் உடுமலையிலும் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைகள் உண்டு. வருகிற சனவரிக்கு முன்பாக ஒரு கடைக்காரரிடம் நீங்களே கேட்டுப் பாருங்களேன்.