காளையா புலியா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உசிலம்பட்டிலருந்து எழுதுறேன். மாட்டுப்பொங்கலன்னைக்கு எங்க வீட்ல ஆரம்பிச்ச பேச்சு இன்னும் முடியல. நல்ல புலிகுளம் காளையும் புலியும் நேருக்கு நேர் நின்னா காளைதான் ஜெயிக்கும்ங்கிறான் என் மச்சான். நான் புலிங்கிறேன். யூடியூப்ல ரெண்டு பக்கத்துக்கும் வீடியோ இருக்கு. ரெண்டையும் ஒரே கூண்டுல விட்டுப் பாத்தாத்தான் உண்மை தெரியும் போல. நீங்க மாடு வளத்த குடும்பம், உங்க தீர்ப்பு என்ன? புலி எத்தனை கிலோ இருக்கும்? ஜல்லிக்கட்டு பத்தி உங்க கருத்தையும் எழுதுங்க.

---

தம்பி,

வர்ற கடிதத்துக்கெல்லாம் பதில் எழுத முடியிறதில்ல. ஒன்னோடத மட்டும் படிச்சிட்டு அப்படியே வைக்க மனசு வரல, ஏன்னா கொஞ்ச நாளாவே மாடுக எப்படிச் சண்டை போடும்ங்கிறதத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.

கிலோவ மொதல்ல முடிச்சிருவோம். நல்லா வளந்த ஆண் புலி 200 கிலோ பக்கம் வரும். ஜல்லிக்கட்டு, அது 2017ல மதுரை தமுக்கம் மைதானத்துல ராப்பகலா ஒக்காந்து பேசின பேச்சு, 2023ல சுப்ரீம் கோர்ட்டும் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. இப்ப அத எடுக்க வேணாம்.

எனக்குக் கோவம் வந்தது அந்தக் கூண்டுனாலதான். எம்புட்டு ஈசியா எழுதிட்ட! அத ஏற்கனவே செஞ்சு பாத்துட்டாய்ங்க தம்பி. இந்தோனேசியால இருக்கிற ஜாவாத் தீவுல ராஜாக்க அரண்மனைல எருமையையும் புலியையும் ஒரே கூண்டுல அடைச்சு வேடிக்கை பாக்கிறது ரொம்ப காலம் நடந்த வழக்கம். அங்க கவர்னரா இருந்த ராஃபிள்ஸ் 1817ல வந்த தன்னோட புத்தகத்துல இத எழுதி வச்சிருக்காரு. பெரும்பாலும் எருமைதான் ஜெயிச்சிருக்கு. ஒன் மச்சான் இந்த வரியோட எந்திரிச்சுப் போயிறக் கூடாது, அடுத்ததையும் படிக்கச் சொல்லு. உள்ள விட்டதும் ரெண்டும் பாஞ்சு கட்டிப் புரண்டுச்சுன்னா நெனைக்கிற? எருமை மேல கொதிக்கிற தண்ணிய ஊத்தி, புலிய கூர்க்குச்சியால குத்தி, வைக்கோல கொளுத்தி சுட்டு, அப்படித்தான் முட்ட வச்சாய்ங்க. புலி பொழைச்சாலும் விடுறதில்ல, வேல்கம்போட ஆளுகள வட்டமா நிறுத்தி நடுவுல தொறந்து விட்டுக் குத்திக் கொல்றது. ஜாவாப் புலிங்கிற அந்த வகையே இப்ப இல்ல, 1970களுக்கு அப்புறம் உறுதியா யாரும் பாக்கல. காட்ட வெட்டித் தோட்டம் போட்டது, வேட்டையாடினதுன்னு காரணம் பல இருக்கு. ஆனா தலைமுறை தலைமுறையா கூண்டுல வச்சு வேடிக்கை பாத்த சனத்துக்கு காட்டுல அது கொறையிறது எங்க ஒறைக்கும்? இந்தக் கூண்டு பேச்ச இனிமே நீ எங்கயும் பேசக் கூடாது, உரிமையோடதான் சொல்றேன்.

நீ சண்டைன்னு எதச் சொல்ற? ரெண்டு பேரும் ஒரே பொருளுக்கு நின்னாத்தான சண்டை. புலிக்கு வேண்டியது சோறு, காளைக்கு வேண்டியது உசுரு. புலி பதுங்கிப் பதுங்கி கிட்ட வந்து, பின்னாலருந்தோ பக்கவாட்டுலருந்தோ பாஞ்சு தொண்டையக் கவ்வும், மூச்சு நிக்கிற வரைக்கும் விடாது. முன்னாடியே எரை தன்னப் பாத்துருச்சுன்னு தெரிஞ்சா பெரும்பாலும் திரும்பிப் போயிரும். சுந்தரவனக் காட்டுக்குள்ள போறவங்க 1980கள்ல பின்மண்டைல மனுச முகமூடிய மாட்டிக்கிட்டுப் போனது அதுக்குத்தான். 1000 கிலோ வரைக்கும் வளர்ற காட்டுமாட்டையே புலி அடிக்கும், ஆனா ஒரு கொம்பு தொடைல ஏறிருச்சுன்னா அப்புறம் அதால ஓட முடியாது, வேட்டை கெடையாது, பட்டினி கெடந்து சாக வேண்டியதுதான். அதுனால கொம்ப பாத்து ஒதுங்குற புலி தோத்த புலி இல்ல, வேற எரை தேடிப் போற புலி. இதுல நீ யாருக்கு மார்க் போடுவ?

நெசமான சண்டைய நான் எங்க ஊரு கண்மாயில பாத்திருக்கேன். மேலூர் பக்கம், சித்திரை மாசம், தண்ணி வத்திக் கெடந்த நேரம். வயல்ல எருவுக்காக புலிகுளம் மாடுக கிடை போட்டிருந்தாங்க, அந்தக் கிடையோட வந்த பொலிகாளையும் எங்க ஊரு கோயில் மாடும் எதிரெதிரா வந்திருச்சு. ஒடனே முட்டிக்கிரும்னுதான நெனைப்ப, அதான் இல்ல. ரெண்டும் பக்கவாட்டுல திரும்பி, முதுக வளைச்சு, தலைய தாழ்த்தி, நான் எம்புட்டுப் பெருசு பாருன்னு காட்டிக்கிட்டு மெல்ல மெல்ல சுத்தி வருதுக. முன்னங்கால்ல கரம்பை மண்ணப் பறிச்சு பறிச்சு தன் முதுகுலயே வாரிப் போட்டுக்கிதுக, மூக்குலருந்து ஊளை தொங்குது, அடித்தொண்டைல ஒரு உறுமல், எனக்கு நெஞ்சுக்குள்ள கேட்டுச்சு. அப்புறந்தான் தலையும் தலையும் மோதுச்சு. பின்னங்காலு குளம்பு மண்ணுல எறங்கி எறங்கிப் போகுது, ஒண்ணு தள்ளுறதும் ஒண்ணு தாங்குறதுமா நின்னுச்சுக. ஆம்பளைக கம்பெடுத்துக்கிட்டு ஓடினாங்க. எங்க அப்பத்தா சாணிக்கூடைய எறக்கி வச்சுட்டு, "எட்டத்துல நில்லுங்கடா, அதுகளே பேசித் தீத்துக்கிரும்"னு சத்தம் போட்டுச்சு. கடைசில பொலிகாளை மூஞ்சியத் திருப்பிட்டு நடந்திருச்சு, அம்புட்டுத்தான். கோயில் மாடு நாலு எட்டு வெரட்டிட்டு நின்னுக்கிருச்சு. நெத்தில லேசா ரத்தம் கசிய கசிய அங்கனயே புல்ல மேய ஆரம்பிச்சிருச்சு. கொல்லணும்னு ரெண்டுக்கும் நெனப்பே கெடையாது. அந்தக் கொம்பு அதுக இனத்துக்குள்ள யாரு பெரியவன்னு பாத்துக்கிறதுக்கும் வளந்தது, அந்தச் சண்டைக்கு ஒரு மொறை இருக்கு. நீயும் மச்சானும் அத ஒருநாளாச்சும் நின்னு பாத்திருந்தா வீடியோ தேடிருக்க மாட்டீங்க.

மாடும் புலியும் ஒரே பொருளுக்கு நிக்கிற எடம் ஒண்ணு இருக்கு, அது ஒன் ஊருக்கு மேற்கதான் இருக்கு. 2021ல ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம்னு அறிவிச்சாங்கல்ல, நாம குடிக்கிற வைகை பொறக்கிற காடு அது. அந்த மலையடிவாரத்துலதான் தலைமுறையா மலைமாடு மேய்க்கிறவங்க இருக்காங்க. 2022ல சென்னை உயர் நீதிமன்றம் காட்டுக்குள்ள மாடு மேய்க்கத் தடை போட்டுச்சு, அப்புறம் அத புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவுக்கு மட்டும்னு மாத்துச்சு. புலிக்கு அந்தக் காடு வேணும், அத நான் விட்டுக்குடுத்துப் பேச மாட்டேன். அதே நேரம் மலைமாடு தொழுவத்துல கட்டிப் போட்டுத் தீவனம் வாங்கிப் போட்டு வளக்கிற மாடு கெடையாது, மேய்ச்சல் இல்லைன்னா அத வச்சிருக்கிறவங்க விக்கிறதத் தவிர வேற என்ன செய்வாங்க? இதப் பத்தி பொங்கலன்னைக்கு ஒங்க வீட்ல ஒருத்தரும் வாயத் தெறக்கலையா? காளைக்குப் பொங்கல் வச்சு, கொம்புக்கு பெயின்ட் அடிச்சுட்டு, அது மேயிற எடத்தப் பத்தி ஒரு வார்த்த இல்லாம புலியோட கோத்துவிட்டுப் பேசிருக்கீங்க.

கோவப்பட்டுட்டேன்னு நெனைக்காத, மாட்டப் பத்தி எனக்கு எழுதணும்னு ஒனக்குத் தோணுச்சே, அது எனக்குப் பெரிய சந்தோசம். ஒண்ணு செய்யி. வருசநாட்டுப் பக்கம் ஒனக்குச் சொந்தக்காரங்க இல்லாமயா இருப்பாங்க. ஒரு ஞாயித்துக்கெழம வெள்ளன கெளம்பிப் போயி மலைமாட்டுக்காரங்க யாரையாச்சும் பாத்துப் பேசு. முன்ன எங்க மேச்சாங்க, இப்ப எங்க மேய்க்கிறாங்க, எம்புட்டு மாட்ட வித்தாங்க, புலியோ சிறுத்தையோ அவங்க மாட்ட அடிச்சிருக்கா, அடிச்சா என்ன செய்றாங்க, எல்லாத்தையும் கேட்டு எழுதி அனுப்பு. அவங்க சரின்னா இங்கயே போடுறேன். மச்சானையும் கூட்டிக்கிட்டுப் போ.