பங்குனிச் சைவச் சமையல்: பருப்பும் முருங்கைக்காயும் வேக மறுப்பது ஏன்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பகுதியைச் சேர்ந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் வாரத்தில் ஐந்து நாள் மீன் குழம்புதான். பங்குனி உத்திரத்துக்காக மாதப் பிறப்பிலிருந்து சைவம் சமைக்கிறோம். துவரம்பருப்பு ஆறு விசில் விட்டாலும் குழையாமல் நிற்கிறது. முருங்கைக்காய் புளிக்குழம்பில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் வேகாமல் கிடக்கிறது. கேரட், பீன்ஸ் வாங்கினால் பிள்ளைகள் தொடுவதே இல்லை. இந்தப் பருவத்தில் இங்கே என்ன காய் வாங்கலாம், எப்படிச் சமைக்கலாம்?"

பருப்பு, முருங்கைக்காய் என்று நீங்கள் சொல்லும் இரண்டு குறைகளுக்கும் மூலம் ஏறத்தாழ ஒன்றுதான். காயின் சதையையும் பருப்பின் உட்பகுதியையும் சேர்த்துப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை போன்ற பொருள். சூட்டில் அது கரைந்தால்தான் காய் மென்மையாகும், பருப்பு குழையும். தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் அந்தப் பசையை இறுக்கிவிடுகின்றன. புளியின் அமிலமோ அதைக் கரையவிடாமல் தடுக்கிறது. கடலோரக் கிணற்றிலும் ஆழ்குழாயிலும் வரும் தண்ணீர் பெரும்பாலும் கடின நீர் என்பதால் உங்கள் பருப்பு தண்ணீரிடமும், முருங்கைக்காய் தண்ணீர், புளி இரண்டிடமும் மாட்டிக்கொள்கிறது. உப்பை முதலிலேயே போட்டால் பருப்பு வேகாது என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். சமையல் உப்பால் பெரிய கெடுதல் இல்லை. தண்ணீரின் கரிப்பை விட, அதனுடன் சேர்ந்து வரும் கடினத்தன்மையே தொல்லை தருகிறது. ஊருணித் தண்ணீரில் உலை வைத்தால் பருப்பு பூப்போல வேகும் என்று நம் பகுதிப் பெரியவர்கள் சொல்வதற்குக் காரணம், அது மழைநீர் என்பதுதான்.

ஆகவே பருப்பைக் கழுவுவதற்கு எந்தத் தண்ணீரையும் பயன்படுத்துங்கள். ஊறவைக்கவும் வேகவைக்கவும் மட்டும் காவிரிக் குடிநீரையோ வடிகட்டிய நீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு டம்ளர் பருப்பை முக்கால் மணி நேரம் ஊறவைத்து, மூன்று டம்ளர் நீரில் வேகவைத்தால் போதும். கிணற்று நீரைத் தவிர வேறு வழியில்லாத நாளில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் சோப்பு வாடை வரும், பருப்பிலுள்ள பி1 வைட்டமினும் வீணாகும். இவ்வளவு செய்த பிறகும் வேகாவிட்டால் பருப்பு பழையது என்று பொருள். இந்த வெக்கையிலும் ஈரக்காற்றிலும் மாதக்கணக்கில் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் குழைவதில்லை என்பதால் பதினைந்து நாளுக்குத் தேவையானதை மட்டும் வாங்குங்கள்.

இனிக் குழம்புக்கு வருவோம். மலையிலிருந்து மதுரை வழியாக வந்து சேரும் கேரட்டையும் பீன்ஸையும் விட்டுவிடுங்கள். முருங்கை காய்த்துத் தொங்குவதும், மாங்காய் வரத் தொடங்குவதும், ராமநாதபுரம் முண்டு மிளகாயின் புது வரத்து களத்திலிருந்து சந்தைக்கு வருவதும் இதே பருவத்தில்தான். 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற இந்த மிளகாய் குண்டாகவும் தடித்த தோலுடனும் இருக்கும். தோலுக்குள் ஈரம் தங்குமாதலால் குலுக்கினால் விதை சலசலக்கும் அளவுக்குக் காய்ந்ததாகப் பார்த்து வாங்குங்கள். கிள்ளிப் பார்க்கையில் உள்ளே பூஞ்சை தெரிந்தால் தயங்காமல் எறிந்துவிடுங்கள். உங்கள் பிள்ளைகள் தேடுவது மீனை மட்டுமன்று, இந்த மிளகாயும் மல்லியும் புளியும் சேர்ந்த காரத்தையும் தேடுகிறார்கள் என்பது என் கணிப்பு. சைவம் என்றவுடன் மசாலாவையும் பாதியாகக் குறைத்துவிடுவது பல வீடுகளில் நடக்கிறது.

நான்கு பேருக்கு எட்டு முண்டு மிளகாயை வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, இரண்டு மேசைக்கரண்டி மல்லியுடன் மையாக அரைத்துக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகள் இருந்தால் ஐந்து மிளகாய் போதும். மூன்று முருங்கைக்காயை நறுக்கி, நல்ல தண்ணீரில் உப்பும் மஞ்சளும் மட்டும் சேர்த்து ஏழெட்டு நிமிடம் வேகவிடுங்கள். தோல் பிளந்து சதை நெகிழ்ந்த பிறகுதான் புளி உள்ளே போக வேண்டும். இந்த வரிசை மாறியதால்தான் உங்கள் காய் வேகவில்லை. நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, பதினைந்து சின்ன வெங்காயத்தையும் நான்கு பிஞ்சுக் கத்தரிக்காயையும் வதக்கி, அரைத்த மசாலாவைப் பச்சை வாசனை போகக் கிளறி, வெந்த முருங்கைக்காயை அதன் நீருடன் ஊற்றுங்கள். மாங்காய் சேர்ப்பதால் வழக்கமான புளியில் பாதியைக் கரைத்தால் போதும். அரை மாங்காயைத் துண்டுகளாக்கிக் கடைசி ஐந்து நிமிடத்தில் போடுங்கள். முன்னதாகப் போட்டால் கரைந்து குழம்பே மாங்காயாகிவிடும். வெங்காயம் விலக்கிய விரதமானால் பெருங்காயத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மற்றக் காய்களுக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. சுரைக்காயும் பூசணியும் தாமே நீர் விடும் என்பதால் மூடி வைத்துக் குறைந்த தீயில் வேகவைத்தால் போதும். கொத்தவரங்காயைத் தனியே வேகவைத்து வடித்துப் பருப்பு உசிலியாகச் செய்தால் பிள்ளைகள் தட்டை ஒதுக்க மாட்டார்கள். மிஞ்சியதை மோரில் ஊறவைத்து இந்த வெயிலில் வற்றலாக்கிவிடலாம். மரத்தடியில் துணி விரித்துச் சேர்த்த வேப்பம்பூவை நெய்யில் கருகாமல் வறுத்து, ரசத்தை இறக்கும்போது தூவுங்கள். நுங்கையும் கூட்டு வைக்கச் சொல்லும் குறிப்புகள் இப்போது பரவுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை, நுங்கை விரலால் தோண்டித்தான் சாப்பிட வேண்டும்.

உப்பளத்து ஓரங்களில் கிடைக்கும், தானே உப்புக் கரிக்கும் உமரிக்கீரையைச் சமைப்பதானால், நிறைய நீரில் வேகவைத்து வடித்துவிட்டு, பருப்பும் தேங்காயும் சேர்த்து உப்பே போடாமல் கிளறுங்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. கழிவு நீர் கலக்கும் இடத்தில் பறித்ததை யாரும் சாப்பிடக் கூடாது.

மீன் இல்லாத மாதத்தில் சத்துக் குறையுமோ என்று அஞ்ச வேண்டாம். பருப்புடன் பச்சைப்பயறு, தட்டைப்பயறு இரண்டையும் மாற்றி மாற்றிச் சேர்த்து, தினமும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டால் உடல்நலத்தோடு இருப்பவர்களுக்கு ஒரு மாதம் எந்தக் குறையும் வைக்காது. முழுப் பயறுகளை மட்டும் இரவு முழுதும், ஒரு லிட்டர் நல்ல நீருக்கு ஒரு தேக்கரண்டி உப்புப் போட்டு ஊறவையுங்கள். அந்த உப்பு தோலை நெகிழ்த்தும். தேங்காய் அரைத்த கூட்டை இந்த வெக்கையில் இரவுக்கு வைக்காதீர்கள். மேலே சொன்ன குழம்பில் தேங்காய் இல்லாததால், மாலையில் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்து இரவுச் சோற்றுக்கும் ஊற்றிக்கொள்ளலாம்.