கேளுங்கள் சொல்கிறோம்: ஏழு கிண்ணமும் அம்மம்மாவின் மூக்குப்பேணியும்

கேள்வி: 2009 இடப்பெயர்வோடு எங்கள் வீட்டுப் பித்தளை எல்லாம் போய்விட்டது. இப்போது மகன் காத்மண்டு போய் வந்தவர், ஏழு சின்னப் பித்தளைக் கிண்ணம் வாங்கி வந்திருக்கிறார். புத்தருக்கு முன்னால் வைக்கிறதாம். நாங்கள் சைவம், சாமியறையில் வைக்கலாமா? (வாசகி, புதுக்குடியிருப்பு)

பதில்: தாராளமாக வையுங்கள் அம்மா. திபெத்திய மரபில் ஒவ்வொரு கிண்ணமும் ஒரு உபசாரம். குடிக்கத் தண்ணீர், கால் கழுவத் தண்ணீர், பூ, தூபம், விளக்கு, வாசனை நீர், சாப்பாடு என்று வரிசை போகும். எட்டாவது இசை, அதற்குப் பெரும்பாலும் கிண்ணம் இல்லை. அவர்கள் மந்திரத்தில் வரும் பெயர்களைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்: அர்க்கியம், பாத்தியம், புஷ்பம், தூபம், ஆலோகம், கந்தம், நைவேத்தியம். எங்கள் கோயில் ஐயர் சொல்லுகிற சொற்கள்தானே! வீடுகளில் ஏழிலும் வெறும் தண்ணீர்தான் விடுவார்கள், ஏனென்றால் தண்ணீர் எந்த ஏழைக்கும் கிடைக்கும், கொடுக்கும்போது மனம் கணக்குப் பார்க்காது.

காலையில் வெறும் கிண்ணத்தை நிமிர்த்தி வைக்கக் கூடாது. முதல் கிண்ணத்தை நிரப்பி, அதில் கொஞ்சம் மிச்சம் விட்டு மற்றதை அடுத்த கிண்ணத்துக்கு ஊற்றி, இப்படியே ஏழு கிண்ணத்தையும் வைத்துவிட்டு, அப்புறம் இடமிருந்து வலமாக நிரப்புவார்கள். இரண்டு கிண்ணத்துக்கு நடுவில் ஒரு தானிய மணி அளவு இடைவெளி, தண்ணீரும் விளிம்புக்கு அதே அளவு கீழே. பின்னேரம் வலமிருந்து இடமாக ஊற்றித் துடைத்துக் கவிழ்த்துவிட வேண்டும். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளையாகப் படியும், ஆகவே துடைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். எல்லாம் இழந்த வீட்டுக்கு மறுபடியும் பித்தளை வந்திருக்கிறது, அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைக்காதீர்கள்.

கேள்வி: தட்டினால் நாதம் எழுப்பும் 'சிங்கிங் பவுல்' கிண்ணத்தை ஏழு உலோகத்தில் செய்வது என்று விற்கிறார்களே? (வாசகர், பரந்தன்)

பதில்: ஏழு கிரகத்துக்கு ஏழு உலோகம் என்பது வியாபாரப் பேச்சு. நல்ல கிண்ணம் என்றால் அது வெண்கலம், ஏறக்குறைய 78 பங்கு செம்பும் 22 பங்கு வெள்ளீயமும். வெள்ளீயம் இவ்வளவு சேர்ந்தால்தான் அந்த நாதம் வரும், ஆனால் ஆறின பிறகு சுத்தியலால் அடித்து வடிவம் எடுக்கப் போனால் வெடித்துவிடும், அதனால் பழுக்கக் காய்ச்சிச் சூட்டோடு சூடாகத் தட்டி வடிவம் எடுத்து, கடைசியில் மறுபடி காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். பித்தளையில் வார்த்த மலிவுச் சாமானும் சந்தையில் உண்டு. வாங்குமுன் சுத்தியல் பட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: அம்மம்மாவின் மூக்குப்பேணி போல நேபாளத்திலும் உண்டாமே? அந்த ஊர்ச் சாமான்களையும் புளி போட்டு மினுக்கலாமா? (வாசகி, மாங்குளம்)

பதில்: உண்டு. 'கருவா' என்பார்கள், மூக்கு வைத்த சொம்பு, பால்பா மாவட்டத்துத் தான்சேன் அதற்குப் பேர்போன ஊர். மூக்கில் வாய் படாமல் அண்ணாந்துதான் அங்கேயும் குடிப்பது. பித்தளைக்குப் புளியும் சாம்பலும் போதும். ஆனால் காத்மண்டுவுக்குப் பக்கத்துப் பாடன் நகரத்துப் பொன் பூசிய செப்புச் சாமான் கையில் இருந்தால் புளியைக் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள். பொன்னைப் பாதரசத்தோடு கலந்து பூசி, நெருப்பில் பாதரசத்தைப் போக்கி எடுத்த மெல்லிய பூச்சு அது, தேய்த்தால் செம்பு வெளியே வந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.