கேள்வி–பதில்: முக்கால் கிலோ பெட்ரோல், இரண்டேகால் கிலோ வாயு

கேள்வி: ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். அதை எரித்தால் 2.3 கிலோ கரியமில வாயு வரும் என்கிறார்கள். கணக்கு உதைக்கிறதே?

பதில்: மிச்ச எடை காற்றிலிருந்து வருகிறது. ஒரு லிட்டர், அதாவது சுமார் 740 கிராம் பெட்ரோலில் ஏறக்குறைய 640 கிராம் கார்பன். எரியும்போது ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். கார்பனின் அணு நிறை 12, இரண்டு ஆக்சிஜனுக்கு 32, கூட்டினால் 44. 640-ஐ 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்துப் பாருங்கள், 2.3 கிலோவுக்குச் சற்று மேலேயே வரும். டீசலுக்கு அடர்த்தி கூடுதல், ஆகவே லிட்டருக்கு 2.7 கிலோவை ஒட்டி நிற்கும். நாற்பது லிட்டர் டேங்க் காலியானால் 90 கிலோவுக்கு மேல்!

புகைப் பரிசோதனையில் தேறிய வண்டிக்கும் இதே கணக்குதான். புகைக்குழாயில் நச்சுவாயுவைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், கார்பன் மோனாக்சைடை மாற்றுவதே கரியமில வாயுவாகத்தான். எரிக்கும் லிட்டரைக் குறைத்தால் மட்டுமே இந்த எடை குறையும்.

கேள்வி: வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் நீராவிக்கே பெரும்பங்கு என்று படித்தேன். பிறகு ஏன் கரியமில வாயுவைக் குறை சொல்கிறோம்?

பதில்: படித்தது சரி. ஆனால் காற்றில் எவ்வளவு நீராவி தங்கும் என்பதை வெப்பநிலைதான் தீர்மானிக்கிறது. மிஞ்சினால் பத்து நாளுக்குள் மழையாக இறங்கிவிடும். கரியமில வாயு அப்படி மழையாகக் கொட்டிவிடாது. அது கொஞ்சம் சூடேற்றினால் காற்று கூடுதல் ஈரத்தைத் தாங்கும் (ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம்), அந்த ஈரம் மேலும் சூடேற்றும்.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதற்கும் தடயம் இருக்கிறது. கார்பன்-14 என்பது தானே சிதையும் ஒரு கார்பன் வகை. அது பாதியாகக் குறைய எடுக்கும் காலம், அதாவது அரை ஆயுள், 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது துளியும் மிஞ்சியிருக்காது. இவை எரிய எரியக் காற்றிலுள்ள கார்பனில் அதன் விகிதம் நீர்த்துப்போகிறது. ‘எல்லாம் சூரியன் வேலை’ என்பவர்களுக்கு இன்னொன்று: சூரியன் காரணமென்றால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். அங்கே அளந்தால் குளிர்ந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: தொழிற்புரட்சிக்கு முந்தைய வெப்பநிலையைவிட 1.5 டிகிரி உயர்வு என்ற எல்லையை 2024இல் தாண்டிவிட்டோமாமே, பாரிஸ் ஒப்பந்தம் முறிந்துவிட்டதா?

பதில்: அந்த ஆண்டின் சராசரி தாண்டியது உண்மை. 2015ஆம் ஆண்டு ஒப்பந்தம் சொல்வது நீண்டகாலச் சராசரியை. அதற்கு இருபது ஆண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது வழக்கம்.

கேள்வி: ஏசிக்கு வருடா வருடம் கேஸ் ஏற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அது தீர்ந்துபோகுமா? கழற்றும்போது திறந்துவிட்டால் கேடு உண்டா?

பதில்: தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது எப்படித் தீரும்? குறைந்தால் எங்கோ கசிகிறது. கம்ப்ரசர் எண்ணெயும் வாயுவோடு சேர்ந்தே சுற்றுவதால், குழாய்களை இணைக்கும் ஃபிளேர் நட்டுப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் முதலில் அங்கே சோப்பு நுரை தடவிப் பாருங்கள். குமிழ் எழுந்தால் அதுதான் இடம். அதை அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதை.

திறந்துவிட்டால் கேடு பெரிது. ஆர்-410ஏ என்ற ஏசி வாயு ஒரு கிலோ வெளியேறினால், நூறாண்டில் சூடேற்றும் கணக்கில் சுமார் இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமம், ஏறத்தாழ 900 லிட்டர் பெட்ரோல் எரித்தது போல. ஆர்-32 என்ற இன்னொரு ஏசி வாயு என்றால் இதில் மூன்றில் ஒரு பங்கு.

கழற்றுமுன் வாயுவை வெளி யூனிட்டுக்குள் அடைக்க வழி இருக்கிறது. ஏசியைக் கூலிங்கில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை ஆலன் கீயால் முதலில் மூட வேண்டும். தடித்த குழாய்ப் பக்கம் மாட்டிய கேஜில் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கியதும் அந்த வால்வையும் மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். தாமதித்தால் கம்ப்ரசர் சூடேறும். இணைப்பில் கசிவிருந்தால் காற்றை உள்ளே இழுத்து வெடிக்கவும் கூடும். கேஜ் இல்லாமல் வருகிறவரை இதில் கைவைக்க விடாதீர்கள்.

கேள்வி: மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் போனால் வீடு இருட்டாகிறது. கடும் வெயிலில் உற்பத்தியும் குறைகிறது. பேனல் பழுதா?

பதில்: இரண்டுமே இயல்பு. மின்கம்பியோடு இணைந்த இன்வெர்ட்டர், கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பியில் பழுது பார்ப்பவரின் உயிருக்கு ஆபத்து. அந்த நேரத்திலும் விளக்கெரிய வேண்டுமானால் பேட்டரியும், அதோடு சேர்ந்து இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் தேவை.

பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும். பேனல் 65 டிகிரிக்குப் போனால் 14 சதவீத இழப்பு. அடியில் காற்றோட இடைவெளி விடுங்கள். கழுவுவதை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள், கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் பட்டால் விரிசல் விடலாம்.