கேள்வி-பதில்: டார்ச் லைட்டோடு கடைக்குப் போங்கள்

பள்ளி விடுமுறை வருகிறது. சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் ஊர்சுற்றக் கிளம்புகிறீர்கள் போல. இந்த வாரக் கடிதமெல்லாம் கேமரா, லென்ஸ், கோயில், கோபுரம்தான். நீளமானவற்றை வெட்டியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

கே: ஐயா, ஈப்போவில் ஒரு கடையில் பழைய வைட் லென்ஸை 1,400 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். "கண்ணாடி சுத்தம்" என்று வாட்ஸ்அப்பிலும் எழுதினார்கள். பத்து காஜா கெல்லிஸ் காசல் மாளிகையில் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்து எடுத்த படமெல்லாம் பால் ஊற்றியதுபோல வெளுத்துவிட்டது. பழுது பார்ப்பவர் உள்ளே பூஞ்சை என்கிறார். கடைக்காரரோ "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது" என்ற அட்டையைக் காட்டுகிறார். — தோட்டக் கிராணி

ப: அட்டையைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த உரிமையைச் சுவரில் தொங்கும் அட்டை பறிக்க முடியாது. பழைய பொருள் புதுசு மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்க முடியாதுதான். ஆனால் சுத்தம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் பூஞ்சையை விற்றால் அது வேறு கதை. பழுது பார்ப்பவரிடம் இரண்டு வரி எழுதி வாங்குங்கள். ரசீது, வாட்ஸ்அப் செய்தி, பூஞ்சை தெரியும்படி லென்ஸுக்குள் டார்ச் அடித்து எடுத்த படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் பதியுங்கள். கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் தேவையில்லை. நல்ல வேளை, கடையில் வாங்கினீர்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தால் இந்த மன்றம் உதவாது.

அந்த மாளிகையை விட்டுவிடாதீர்கள். 1915இல் தொடங்கிய வேலை, 1926இல் அதைக் கட்டிய வில்லியம் கெல்லி ஸ்மித் துரை லிஸ்பனில் இறந்ததும் அப்படியே நின்றுபோனது. நம் ஆட்கள் செங்கல் சுமந்த இடம். நல்ல லென்ஸோடு இன்னொரு முறை போங்கள்.

கே: கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்க மூன்று நாள் பாஸ், ஒரு நாள்தான் பயன்படுத்தியதாம், இணையத்தில் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?

ப: பாஸில் வாங்கியவர் முகம் அச்சாகியிருக்கும். அந்த முகத்தை எங்கே வாங்குவீர்கள்?

கே: புது கேமராவோடு 280 ரிங்கிட்டுக்கு யூ.வி. ஃபில்டர் ஒன்றையும் தலையில் கட்டினார்கள். வெயில் லென்ஸைக் கெடுத்துவிடுமாம். மாலையில் ஈப்போ ரயில் நிலையத்தை எடுத்தால் ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்ப்பக்கம் ஒரு பச்சைப் பொட்டு. கேமராவில் கோளாறா? — ஆசிரியை

ப: கேமரா நன்றாக இருக்கிறது, டீச்சர். கோளாறு அந்தக் கண்ணாடியில். இதைப் பற்றி எழுத எனக்குப் பல வருடக் கடுப்பு, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஃபிலிம் காலத்தில் புற ஊதா (யூ.வி.) ஒளி ஃபிலிமில் பதிந்தது. தூரத்து மலை நீலமாக மங்கும், அதற்கு இந்த ஃபில்டர் உதவியது. இன்றைய கேமராவின் சென்சாருக்கு முன்னாலேயே அதைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. வெயில் லென்ஸைக் கெடுக்கும் என்பது கடைக்காரர் கற்பனை. பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அடிக்கும். பகலில் தெரியாது. இருட்டில் விளக்கு எரியும்போது, சென்சாரில் பட்டுத் திரும்பிய ஒளி அந்தக் கண்ணாடியில் மோதி மறுபடி உள்ளே வருகிறது. அதுதான் உங்கள் பச்சைப் பொட்டு. 1917இல் கட்டி முடித்த அந்தக் குவிமாடத்துக்கு, நிலையத்தை வடிவமைத்த ஹப்பக் வைக்காத விளக்கெல்லாம் உங்கள் படத்தில் எரிகிறது.

கேமராவில் லாபம் குறைவு, ஃபில்டரில்தான் அள்ளலாம். அதனால்தான் அத்தனை அக்கறையாகத் திருகி மாட்டிவிடுகிறார்கள். நானும் ஏமாந்தவன்தான். பினாங்கில் வாங்கி, லிட்டில் இந்தியா தீபாவளி விளக்குகளை முழுதாகக் கெடுத்துக்கொண்டேன். அது இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. கடற்கரையில் உப்புக் காற்றுக்கு மாட்டுங்கள், விளக்கு வைத்த பிறகு கழற்றுங்கள். லென்ஸைக் காப்பாற்ற முன்னால் மாட்டும் மறைப்பு வளையமான ஹூட் போதும், அதுவும் பெட்டியில் கூடவே வந்திருக்கலாம், பாருங்கள்.

கே: 45 ரிங்கிட் டிரைபோட் முதல் நாளே கால் ஒடிந்தது. பெட்டியை ஒரு மாதம் கழித்துத்தான் பிரித்தேன், மாற்றித் தர மாட்டார்களாம். அடுத்த மாதம் தஞ்சாவூர், தாஜ்மகால் போகிறேன். 900 ரிங்கிட்டில் கார்பன் டிரைபோட் வாங்கட்டுமா?

ப: ஒரு மாதம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தீர்கள், இப்போது 900 ரிங்கிட்டா? தாஜ்மகாலுக்குள் டிரைபோட் கொண்டுபோக விட மாட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, அங்கேயும் அனுமதி வாங்க வேண்டும். போகும் இடத்தில் என்ன விடுவார்கள் என்று கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள், தம்பி. தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அதையும் பார்த்தீர்களா? பெரிய கோயில் கிழக்கே பார்த்தது, முகப்பில் வெயில் விழுவது காலையில்தான். துணிப்பை ஒன்று தைத்து எடுத்துப்போங்கள், அங்கே ஒரு கிலோ பயறு வாங்கி நிரப்பி, மதில்மேல் வைத்துக் கேமராவை அதில் உட்காரவையுங்கள்.

கே: பாசார் மாலாம் இரவுச் சந்தையில் 512 ஜி.பி. மெமரி கார்டு 25 ரிங்கிட். எடுக்கலாமா?

ப: நான் எடுத்தேன். அங்கோர் வாட்டில் விடியற்காலை ஐந்து மணிக்குக் குளத்தோரம் நின்றேன். கோயில் மேற்கே பார்த்தது, அதனால் காலையில் கோபுரங்கள் கருநிழலாக நிற்கும், கல்லில் பொன் வெயில் விழுவது மாலையில். இரண்டையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முதல் 200 படத்துக்குப் பிறகு எல்லாம் சாம்பல் கட்டம். உள்ளே சின்னக் கார்டை வைத்துவிட்டுப் பெரியது என்று கேமராவிடம் பொய் சொல்ல வைத்திருந்தார்கள். எந்தக் கார்டு வாங்கினாலும் புறப்படும் முன் வீட்டிலேயே முழுக்க நிரப்பித் திறந்து பாருங்கள்.

கே: 40 மெகாபிக்சல் வேண்டுமா? நான் வாட்ஸ்அப்பில்தான் போடுவேன்.

ப: பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள்.

கே: பழைய லயத்து வீடு, சுவரெல்லாம் ஈரம். லென்ஸை அரிசி டின்னில் வைக்கலாமா?

ப: அரிசி மாவு லென்ஸுக்குள் போகும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் மூன்றும் சேர்ந்து ஈரம் நீக்கும் மின்சார அலமாரியான டிரை கேபினெட் விலையில் ஒரு துளிதான். முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். தோல் உறையோடு உள்ளே வைக்காதீர்கள், பூஞ்சைக்குத் தோல் ரொம்பப் பிடிக்கும். அரிசியைச் சோறாக்குங்கள்.