புதுப் புறொசசர் போட்டபின் திரை கறுப்பாகவே நிற்கிறதா? முதலில் பழையதைத் திரும்பப் போடுங்கள்

கோண்டாவில் வாசகர் ஒருவரின் கேள்வி: 2018இல் வாங்கிய கொம்பியூட்டர். பி450 மதர்போட், றைசன் 5 2600, 8 ஜிபி றாம், தனிக் கிராபிக்ஸ் கார்ட். இப்போது றைசன் 5 5600உம் இன்னொரு 8 ஜிபி றாமும் வாங்கி ஒன்றாகவே மாட்டினேன். விசிறிகள் சுழல்கின்றன, மொனிட்டரில் ஒன்றும் வரவில்லை. மதர்போட் பழுது, மாற்றவேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். சரியா?

மதர்போட்டுக்குக் காசு கொடுக்க அவசரப்படாதீர்கள். உங்கள் போர்டுக்குப் புதுப் புறொசசர் எதுவென்றே தெரியாமல் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். பி450 வெளிவந்தது 2018இல். றைசன் 5 5600 வந்தது 2022 ஏப்ரலில். இரண்டும் ஏஎம்4 சொக்கெட் (புறொசசர் உட்காரும் இடம்) என்பதால் புறொசசர் அழகாகப் பொருந்தும். ஆனால் அதை இனங்காணும் தகவல் பழைய பயோஸில், அதாவது போர்டைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருளில், இல்லை. அதனால் விசிறி ஓடும், படம் வராது. இதைப் பழுது என்று சொல்வது தவறு.

பழைய 2600ஐயும் பழைய றாமையும் திரும்பப் போடுங்கள். பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள். புறொசசரின் மேலிருக்கும் கூலரை நேராக மேலே இழுக்கவேண்டாம். ஏஎம்4இல் முள்கள் புறொசசரில்தான் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் சூடு கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்ட் காய்ந்து பிடித்திருந்தால், சொக்கெட்டின் லிவர் பூட்டியிருந்தாலும் புறொசசர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வந்து முள் வளைந்துவிடும். இடமும் வலமுமாக மெல்லத் திருப்பி, பிடி விட்டபின் தூக்குங்கள். பழைய பேஸ்ட்டை ஐசோபுறொப்பைல் அல்ககோலால் துடைத்து, புதிதாக நடுவில் ஒரு பயறு அளவு வைத்தால் போதும்.

மாட்டும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: புறொசசர் பக்கமாக மேல் மூலையில் செருகும் 8 முள் பவர் வயர். கூலரோடு மல்லுக்கட்டும்போது அது தளர்வது வழக்கம். அது இல்லாவிட்டாலும் விசிறிகள் சுழலும், படம் மட்டும் வராது. மொனிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டில் செருகுங்கள். 2600, 5600 இரண்டிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை. மதர்போட்டின் எச்டிஎம்ஐ துளை வேலை செய்யாது.

பழையபடி விண்டோஸ் வந்துவிட்டால் மதர்போட் நல்லது. இனிப் பயோஸ் வேலை. அதற்கு முன், பிட்லொக்கர் (விண்டோஸ் டிஸ்க்கைச் சாவியிட்டுப் பூட்டும் வசதி) போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்து, அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பலர் இதை விட்டுவிட்டுப் பிறகு படங்களையும் ஆவணங்களையும் இழந்து தவிக்கிறார்கள்.

போர்டில் அச்சிட்டிருக்கும் முழு மொடல் பெயரையும் ரிவிஷன் எண்ணையும் குறித்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் புறொசசர் பட்டியலைத் திறவுங்கள். 5600க்கு எதிரே எந்தப் பயோஸ் பதிப்பு என்று இருக்கும்; அதையோ அதற்குப் பிந்தியதையோ இறக்குங்கள். சில போர்டுகளுக்கு இடையில் வேறொரு பதிப்பைப் போட்ட பின்னரே புதியதைப் போடலாம், குறிப்புகளைப் படியுங்கள். இறக்கிய சுருக்கிய (zip) கோப்பை விரித்து, எஃப்ஏடி32ஆக ஃபோர்மட் செய்த பென் டிரைவில் இடுங்கள். கொம்பியூட்டர் தொடங்கும்போது டெலீட் அல்லது எஃப்2 விசையால் பயோஸுக்குள் போய், கியூ-பிளாஷ், ஈசி பிளாஷ், எம்-பிளாஷ் என்று உங்கள் போர்டில் இருக்கும் வசதியால் ஏற்றுங்கள். சில நிமிட வேலைதான், ஆனால் அந்நேரம் கரண்ட் போனால் போர்டு உண்மையாகவே செத்துவிடக்கூடும். யூபிஎஸ் இல்லாமல் செய்யவேண்டாம். மாரியில் இடி மின்னல் நாளாயின் தள்ளிப்போடுங்கள்.

எம்எஸ்ஐ பி450 டொமஹோக் போன்ற சில போர்டுகளில் புறொசசரைக் கழற்றாமலே பயோஸ் ஏற்றும் பொத்தான் பின்பக்கம் உண்டு. அது இருந்தால் பழைய புறொசசரை மாட்டும் வேலையே மிச்சம்.

பிறகு 5600ஐ மட்டும் மாட்டுங்கள், புது றாம் இன்னும் வேண்டாம். புறொசசரிலும் சொக்கெட்டிலும் உள்ள முக்கோணக் குறி இரண்டும் சேரவேண்டும்; அழுத்தாமலே தானாக இறங்கவேண்டும். முதல்தடவை படம் வர இரண்டு மூன்று நிமிடம் எடுக்கலாம், இடையில் நிறுத்தாதீர்கள். புதுப் புறொசசர், எஃப்டிபிஎம்மை (சாவிகளைக் காக்கும் பாதுகாப்புப் பகுதி) அழிக்கவா என்று திரையில் கேட்டால், பிட்லொக்கர் போடாவிட்டாலோ அதன் சாவி கையில் இருந்தாலோ மட்டும் Y விசையை அழுத்துங்கள். படம் வராவிட்டால் பிளக்கைக் கழற்றி, போர்டிலுள்ள சிஆர்2032 வட்டப் பற்றரியை ஐந்து நிமிடம் வெளியே எடுத்து வைத்துப் போட்டுப் பாருங்கள்.

இது நிலைத்தபின் புது றாம். நான்கு துளை இருந்தால் புறொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். இரண்டு பக்கமும் 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இரண்டையும் சேர்த்தால் நின்றுவிடுகிறது, தனித்தனியே ஓடுகிறது என்றால் அவை பொருந்தாத சோடி. பயோஸில் எக்ஸ்எம்பியை (றாமைக் கூடிய வேகத்தில் ஓட்டும் அமைப்பு) நிறுத்திக் குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். குருநகர் போலக் கடற்கரைப் பக்கம் பாவித்த பழைய றாம் என்றால் பொன்னிறத் தொடுமுனையை அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் தட்டிவிட்டுப் போடுங்கள்.

பழைய புறொசசரும் ஒற்றைப் பழைய றாமும் போட்டும் படம் வராவிட்டால்தான் நிலைமை வேறு. வளைந்த முள், தளர்ந்த வயர், பவர் சப்ளை ஆகியவற்றைப் பாருங்கள்; போர்டில் சிபியு (புறொசசர்), டிராம் (றாம்), விஜிஏ (கிராபிக்ஸ்) என்று சின்ன விளக்குகள் இருந்தால் எரிந்து நிற்பதே சந்தேகத்துக்குரிய இடம். இன்னொரு பவர் சப்ளையைப் போட்டும் அதே நிலை என்றால் மட்டும் மதர்போட்டை மாற்றுவதைப் பற்றிக் கடையில் பேசுங்கள்.