ஆணி பிடுங்கிய பலகையும் பதினைந்தாயிரம் வெள்ளியும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 51. சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் குடியிருப்பில் வசிக்கிறோம். என் கணவர் முப்பது ஆண்டுகள் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது 58. தை மாதம் மகளுக்குத் திருமணம். அதற்குள் சமையலறையை நீட்டிக் கட்டிக் கூரையையும் மாற்றிவிட நினைத்து, கோயிலில் பழக்கமானவர் சொன்ன ஒரு குத்தகையாளரைப் பிடித்தோம். 28,000 வெள்ளி (ரிங்கிட்) பேசி, 15,000 வெள்ளி முன்பணம் கொடுத்தோம். ரசீது கணவர் பேரில் இருக்கிறது. பின்சுவரை இடித்தார்கள், கூரைக்குப் பாதி இரும்பு போட்டார்கள், அத்தோடு வேலை நின்றுவிட்டது. திறந்து கிடந்த இடத்தை ஒட்டுப்பலகை வைத்து ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருமணப் புடவை எடுக்க ஈப்போவுக்குப் போய்த் திரும்பியபோது பலகை தரையில் கிடந்தது. 11 பவுன் நகையும் 4,000 வெள்ளி ரொக்கமும் போய்விட்டன. நாங்கள் ஈப்போ போவது அந்த வேலையாட்களுக்குத் தெரியும். அன்று முதல் குத்தகையாளர் தொலைபேசியை எடுப்பதில்லை. அன்றிரவே போலீசில் புகார் கொடுத்தோம். என் மகன் போன ஆண்டு வீட்டுப் பொருள்களுக்கு 60,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்திருக்கிறான். பூட்டு உடையவில்லை என்றால் காசு வராது, பின்கதவுப் பூட்டை நாமே உடைத்துவிடலாம் என்கிறார் என் கொழுந்தனார். கணவரின் சேமநிதிப் பணத்தை எடுத்து நகை வாங்கலாமா, அல்லது கடன் வாங்கலாமா? குத்தகையாளரைப் பிடித்தவர் தாம்தான் என்பதால் என் கணவர் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. — திருமதி சா., சுங்கை சிப்புட்

பதில்: அம்மா, அந்தப் பூட்டைத் தொடாதீர்கள். உங்கள் கொழுந்தனார் உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொல்லியிருப்பார். ஆனால் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் இழப்பு மதிப்பீட்டாளருக்கு இதுவே தொழில். போலீஸ் புகாரில் இல்லாத உடைப்பு ஒரு வாரம் கழித்துத் தோன்றினால் அவர் கண்ணில் படாமல் போகாது. பொய் கலந்தது தெரிந்துவிட்டால் உங்கள் கோரிக்கை முழுவதும் செல்லாததாகிவிடும். உண்மையாகவே பறிகொடுத்த நீங்கள் மோசடி வழக்கில் நிற்க நேரும். அதைவிட, உங்களுக்கு அந்தப் பொய் தேவையே இல்லை.

வீட்டுப் பொருள் காப்புறுதியில் களவுக்கு இழப்பீடு கேட்க வேண்டுமானால், பலவந்தமாக உடைத்து உள்ளே நுழைந்திருக்க வேண்டும் என்பது நம் மலேசியக் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக உள்ள நிபந்தனை. குறிப்பிட்டுப் பூட்டுதான் உடைபட வேண்டும் என்று அதற்குப் பொருள் இல்லை. மாற்றுச் சாவி போட்டுத் திறந்து வந்திருந்தால் உங்கள் நிலை மிகவும் கடினம். உங்கள் வீட்டிலோ ஆணி அடித்து மூடிய பலகையைப் பெயர்த்திருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். ஆணி இருந்த ஓட்டைகள் வட்டமாக இருக்கின்றனவா, ஒரு பக்கமாகக் கிழிந்திருக்கின்றனவா? பலகையின் ஓரத்தில் கடப்பாரை நெம்பிய பள்ளம் தெரிகிறதா? வளைந்த ஆணிகள் தரையில் கிடக்கின்றனவா? ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஆணிகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். இரவில் பயமாக இருந்தால் வேறு பலகை வாங்கி அடைத்துக்கொள்ளுங்கள், பழைய பலகையை மட்டும் எறிந்துவிடாதீர்கள். இந்த வழக்கில் உங்கள் சாட்சி அதுதான்.

அடுத்து, அன்றிரவு கொடுத்த புகாரின் நகலை எடுத்து மகனை உட்காரவைத்து வரி வரியாகப் படிக்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் கொடுக்கும் புகாரில் "நகை, பணம் காணவில்லை" என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் இருக்கும். மலாயில் எழுதியதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். பலகை பெயர்க்கப்பட்டது அதில் இல்லாவிட்டால் நிலையத்துக்குப் போய்க் கூடுதல் புகார் கொடுங்கள். ஒவ்வொரு நகையின் எடை, வடிவம், வாங்கிய கடை, ரசீது எல்லாம் அதில் வரவேண்டும். ரசீது இல்லாத பழைய நகைக்கு மகளின் சடங்குப் படங்கள், உறவினர் திருமண ஆல்பம் ஆகியவற்றைப் பாருங்கள். கழுத்தில் கிடக்கும் சங்கிலி தெளிவாகத் தெரிந்தால் அதுவும் ஆதாரம்தான். வேலைக்கு வந்தவர்களின் பெயர், தொலைபேசி எண், அவர்கள் வந்த லாரியின் எண் ஆகியவற்றையும் போலீசிடம் கொடுங்கள். அந்த விவரங்கள் போலீசோடு நிற்கட்டும். அவர்கள் படத்தை வாட்சாப் குழுக்களில் போட்டுத் திருடர் என்று எழுதினால், ஆதாரம் இல்லாத நிலையில் அவதூறு வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். நீங்கள் ஈப்போ போவது அவர்களுக்குத் தெரியும் என்கிறீர்கள். அது சந்தேகத்துக்குக் காரணம்தான். ஆனால் திறந்த பின்சுவரைச் சந்து வழியாகப் போன எல்லோருமே பார்த்திருப்பார்கள்.

காப்புறுதிப் பணம் எவ்வளவு வரும்? இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, பிறகு மனம் உடையக்கூடாது. வீட்டுக் கடனுக்காக வங்கி போட்ட தீ காப்புறுதியில் களவுக்கு இடமில்லை. கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைக்கும் காப்புறுதியும் இதற்கு உதவாது. மகன் எடுத்தது ஒன்றுதான் கணக்கு. அந்த வகைப் பத்திரங்களில் தங்கம், வெள்ளி நகைகள் மொத்தத்துக்கும் சேர்த்துக் காப்புறுதித் தொகையில் மூன்றில் ஒரு பங்குதான் உச்சவரம்பு. 60,000 வெள்ளியில் அது 20,000 வெள்ளி. தனியாகக் குறிப்பிட்டு அறிவிக்காத ஒரு பொருளுக்கு மொத்தத் தொகையில் 5 விழுக்காடுதான், அதாவது 3,000 வெள்ளி. ஆறு பவுன் சங்கிலி ஒன்று இருந்தாலும் அதற்கு அவ்வளவுதான். ரொக்கத்துக்குத் தனி வரம்பு இருக்கும், மிகச் சிறியதாகவே இருக்கும். உங்கள் பத்திரத்தில் சரியாக என்ன எழுதியிருக்கிறது என்று மகன் பார்க்க வேண்டும். சுவரை இடித்து வேலை நடப்பதை முன்னதாகச் சொல்லவில்லையே என்று நிறுவனம் ஒரு கேள்வி கேட்கலாம். நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். எப்படியானாலும் இன்றே எழுத்தில் தகவல் கொடுங்கள், தாமதமே மறுக்க ஒரு காரணமாகிவிடும். மறுத்துவிட்டால் அவர்களின் இறுதிக் கடிதம் கிடைத்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தை நடுநிலையாளர் சேவையிடம் முறையிடலாம். 2025 ஜனவரி முதல் இயங்கும் இந்த அமைப்பு பொதுமக்களிடம் கட்டணம் வாங்குவதில்லை.

இனி அந்த 15,000 வெள்ளிக்கு வருகிறேன். என் மனத்தில் பெரிதாக நிற்பது இதுதான். உங்கள் கடிதத்தில் திருட்டும் குத்தகையாளரும் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. திருடன் பிடிபட்டால் எல்லாம் தெரியவரும், அதுவரை பொறுத்திருப்போம் என்று நீங்கள் நினைப்பதுபோல் தோன்றுகிறது. அம்மா, அப்படிக் காத்திருக்காதீர்கள். நகை எப்போது திரும்பும், திரும்புமா என்பதை யாராலும் சொல்ல முடியாது. குத்தகையாளர் வாங்கிய பணத்துக்கு ரசீது இருக்கிறது, பாதியில் நின்ற வேலை கண் முன்னால் இருக்கிறது. திருடியது யாராக இருந்தாலும், அவர் முடிக்காத வேலைக்கான பொறுப்பு அவருடையது.

இதற்கு வழக்கறிஞர் வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அங்கே வழக்கறிஞர்கள் வாதாடுவதில்லை, நீங்களும் அவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வேண்டும். மன்றத்தின் தீர்ப்பை மதிக்காமல் இருப்பது சட்டப்படி குற்றம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் சிறு கோரிக்கை வழக்கு உண்டு, ஆனால் அதன் எல்லை 5,000 வெள்ளி, உங்களுக்குப் போதாது.

போவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. நம்பிக்கையான வேறொரு குத்தகையாளரை அழைத்து, இதுவரை நடந்த வேலை எவ்வளவு பெறும், மீதியை முடிக்க எவ்வளவு ஆகும் என்று கையெழுத்துடன் எழுதி வாங்குங்கள். நடந்த வேலை 6,000 வெள்ளி பெறும் என்று அவர் எழுதினால், உங்கள் பணத்தில் 9,000 வெள்ளி பழைய குத்தகையாளரிடம் சும்மா இருக்கிறது. மீதி வேலைக்குப் பேசிய தொகையைவிடக் கூடுதலாகச் செலவானால் அந்த வித்தியாசத்தையும் கேட்கலாம். களவுபோன நகையின் மதிப்பை இந்த மனுவில் சேர்க்காதீர்கள். நிரூபிக்க முடியாத ஒன்றைச் சேர்த்தால் நிரூபிக்க முடிந்ததும் சேர்ந்து பலவீனமாகும். அறிவிப்பு அனுப்ப அவருடைய முகவரி வேண்டும். ரசீதில் தொழில் பதிவு எண் இருந்தால் நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவேட்டில் தேடி எடுக்கலாம்.

நகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஏன் இவ்வளவு வைத்தீர்கள் என்று உங்களை இந்நேரம் பத்துப் பேர் கேட்டிருப்பார்கள். நான் கேட்கமாட்டேன். தோட்டத்தில் லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம், மரம் நிர்வாகத்துக்குச் சொந்தம். தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலத்தில், வெளியேறும்போது நம் தாய்மார்கள் கையோடு கொண்டுபோக முடிந்தது கழுத்திலும் காதிலும் இருந்ததுதான். 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு வாங்கிய அதே மக்கள்தான் பவுன் பவுனாகவும் சேர்த்தார்கள். அந்தப் பதினொரு பவுனில் எத்தனை அதிகாலைப் பனி இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான், அதை அவசரத்தில் திரும்ப வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் கணவருக்கு 55 வயது கடந்துவிட்டது. 55 வயது வரை சேர்ந்த சேமநிதிப் பணத்தை முழுவதும் எடுக்கக்கூட அவருக்கு உரிமை உண்டு. எடுக்க முடியும் என்பதாலேயே கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். 2024ஆம் ஆண்டுக்குச் சேமநிதி வாரியம் கொடுத்த லாப ஈவு 6.30 விழுக்காடு. ஒவ்வோர் ஆண்டும் அதே அளவு வரும் என்று உறுதி இல்லை. ஆண்டுக்கு 6 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், இன்று விட்டுவைக்கும் 30,000 வெள்ளி பத்து ஆண்டில் ஏறக்குறைய 53,700 வெள்ளியாகும். அவர் 68 வயதில் மருந்து வாங்கும் பணம் அது. நகைக்குச் செய்கூலியும் கொடுத்து வாங்கி, மறுபடி அதே அலமாரியில் வைப்பதற்கு அதை எடுக்க வேண்டாம்.

கடன் என்றால் இன்னும் கண்டிப்பாகச் சொல்கிறேன். மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் தொலைபேசி எண்ணை யாரும் அழைக்கக்கூடாது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங் என்னும் கள்ள வட்டிக்காரன் அதை ஒரே மாதத்தில் வாங்கிவிடுவான், பிறகு வாசலுக்கு வந்து சாயம் ஊற்றுவான். ஏற்கனவே கடன் தவணைகள் நெருக்கினால் ஏகேபிகேவுக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த அந்த அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது.

சம்பந்தி வீட்டாரிடம் நடந்ததை இப்போதே சொல்லிவிடுங்கள். தாலிக்கு வேண்டிய தங்கத்தை மட்டும் சேமிப்பிலிருந்து வாங்குங்கள். மற்றதைக் காப்புறுதிப் பணமும் மன்றத்தின் தீர்ப்பும் வந்த பிறகு, பிள்ளை பிறந்த பிறகுகூட, ஒவ்வொன்றாகச் செய்யலாம். செய்யும்போது வங்கிப் பெட்டகம் கிடைக்கிறதா என்று பாருங்கள். வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு நகையையும் காப்புறுதிப் பத்திரத்தில் பெயர் சொல்லி எழுதவையுங்கள். ரொக்கத்தை வங்கியில் போடுங்கள், வங்கி வைப்புத்தொகைக்கு ஒருவருக்கு ஒரு வங்கியில் 250,000 வெள்ளி வரை அரசுப் பாதுகாப்பு இருக்கிறது. திருடர்கள் ஏடிஎம் அட்டையைத் தொட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன் வங்கியை அழைத்து முடக்குங்கள்.

மீதி வேலையை முடிக்கப்போகும் புதிய ஆளிடம் பாதிப் பணத்தை முன்னால் கொடுக்காதீர்கள். பத்தில் ஒரு பங்கு கொடுங்கள். சிமெண்டு, இரும்பு, ஓடு எல்லாவற்றையும் உங்கள் கணவரே கடையில் போய் வாங்கி நேராகக் கடைக்குப் பணம் கட்டலாம். முப்பது ஆண்டு தோட்டத்தில் இருந்தவரை எடையிலும் அளவிலும் ஏமாற்ற முடியாது. சுவர் எழும்பினால் ஒரு தொகை, கூரை மூடினால் ஒரு தொகை, ஒரு மழை பெய்து ஒழுகாமல் இருந்தால் கடைசித் தொகை. கட்டுமானத் தொழில் வளர்ச்சி வாரியமான சிஐடிபியில் பதிவு இருக்கிறதா, நகராண்மைக் கழகத்தில் கட்டட அனுமதி வாங்கினார்களா என்று கேளுங்கள். பணம் போடச் சொல்லும் வங்கிக் கணக்கு எண்ணைப் மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீசின் 'செமாக் மியூல்' இணையத்தளத்தில் ஒரு முறை சரிபாருங்கள். வேலை நடக்கும் நாள்களில் வீட்டில் யாராவது ஒருவர் இருக்கட்டும்.

உங்கள் கணவரைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். கோயிலில் பழகியவர் சொன்னதை நம்பியது குற்றமில்லை என்று நீங்கள் எத்தனை முறை சொன்னாலும் அவர் காதில் ஏறாது. ஆகவே சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ரசீது அவர் பேரில் இருப்பதால் நடுவர் மன்றத்தில் மனுவைப் போட வேண்டியவர் அவர்தான். ரசீது, பேசிய விலை எழுதிய தாள், பலகையின் படங்கள், புதிய குத்தகையாளரின் மதிப்பீடு என்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி, ஐந்து வெள்ளியையும் வைத்து, அவர் கையில் கொடுங்கள். மகன் வண்டி ஓட்டட்டும்.